முதல் தேர்தலை எப்போது, யாரைக் கொண்டு, எப்படி நடத்துவது?

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவர் நாற்காலி ஏறத்தாழக் காலியாகவே கிடந்தது. அந்தப் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் ஊரின் ஆதிக்கத் தரப்பு அதை ஏற்கவில்லை. தேர்தல் அறிவிப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சில முறை ஒருவரும் வேட்புமனு தாக்கல் செய்யவில்லை. சில முறை ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஒருவர் வென்று, பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அறிவிக்கை, மனுப் பரிசீலனை, முடிவு அறிவிப்பு என்று சட்டம் கேட்ட படிகளெல்லாம் ஏறப்பட்டிருந்தும், அங்கே தேர்தல் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மேலூர்ப் பக்கத்து மேலவளவில் இதைவிடக் கொடுமையானது நேர்ந்தது. 1996இல் முதலில் மிரட்டலால் மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன; மறுமுறை வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன; அதற்குப் பிறகே காவல்துறைப் பாதுகாப்போடு வாக்குப்பதிவு நடந்து பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரும் அவருடன் வந்தவர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வாக்குப்பதிவு நாளன்று நின்ற காவல், வென்றவர் அலுவலகம் போய்வந்த நாட்களில் நிற்கவில்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் பலமுறை தேர்தல் பணிக்குப் போனவன். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் ஒரு கேள்வி எழுந்தது: ராணுவ ஆட்சியிலிருந்தோ, ஒற்றைக் கட்சி ஆட்சியிலிருந்தோ, நீண்ட உள்நாட்டுப் போரிலிருந்தோ வெளிவரும் ஒரு நாடு தன் முதல் தேர்தலை எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும்? எந்த நாட்டின் கதையை எடுத்தாலும் என் மனம் பாப்பாபட்டிக்கும் மேலவளவுக்கும்தான் திரும்பியது. வென்றவர் நாற்காலியில் உட்கார முடியுமா, தோற்றவர் தன் ஊரில் உயிரோடும் மானத்தோடும் இருக்க முடியுமா என்ற இரண்டும் உறுதியாகாத இடத்தில் நடக்கும் வாக்குப்பதிவு வெறும் சடங்காகிவிடுகிறது. அந்த இரண்டு கேள்விகளை அளவுகோலாகக் கொண்டே, அத்தகைய நாடுகளின் முன் நிற்கும் தேர்வுகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் தேர்வு காலம் பற்றியது. சர்வாதிகாரி போனவுடன் மக்கள் எழுச்சி அடங்குவதற்குள் தேர்தலை வைத்துவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. சட்டம், காவல், நீதிமன்றம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றையும் சீர்செய்துவிட்டு வைக்கலாம் என்பது மறு தரப்பு. இரண்டுக்கும் நல்ல சான்றும் கெட்ட சான்றும் இருக்கின்றன.

விரைந்து நடத்தியதில் நல்ல சான்று போர்ச்சுகல். 1974 ஏப்ரல் 25 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் அரை நூற்றாண்டுச் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள்; ஓராண்டுக்குள் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் என்று வாக்குக் கொடுத்தார்கள்; நடுவில் எதிர்ப்புரட்சி முயற்சிகளும் நிலக் கையகப்படுத்தல்களும் நாட்டை உலுக்கிய போதும் 1975 ஏப்ரல் 25 அன்றே தேர்தல் நடந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாக்களித்தார்கள். ராணுவத்தின் ஒரு பகுதி தானே நாட்டை வழிநடத்த நினைத்திருந்த வேளையில், மக்கள் எந்தக் கட்சியை எவ்வளவு விரும்புகிறார்கள் என்ற கணக்கு வெளியே வந்ததுதான் அந்த எண்ணத்துக்குத் தடையாக நின்றது.

கெட்ட சான்று அங்கோலா. 1991 மே மாதம் அமைதி ஒப்பந்தம். 1992 செப்டம்பர் 29, 30 தேதிகளில் தேர்தல். நடுவில் இருந்த பதினாறு மாதங்களில் இரு தரப்புப் படைகளும் கலைக்கப்பட்டு ஒரே தேசியப் படையாக வேண்டும் என்பது ஏற்பாடு. அது பாதியில் நின்றது. ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய குழுவோ அந்தப் பெரிய நாட்டுக்கு மிகச் சிறியது. அதிபர் தேர்தலில் ஆட்சியிலிருந்த டோஸ் சாண்டோஸ் 49.6 விழுக்காடும் கிளர்ச்சிப் படைத் தலைவர் சவிம்பி 40.1 விழுக்காடும் பெற்றார்கள். ஒருவருக்கும் பாதி கிடைக்காததால் இரண்டாம் சுற்று நடந்திருக்க வேண்டும். சவிம்பி முடிவை ஏற்காமல், கலைக்கப்படாத தன் படையை எடுத்துக்கொண்டு போருக்குத் திரும்பினார். 2002 பிப்ரவரியில் அவர் கொல்லப்படும்வரை, இடையில் சில ஆண்டு ஓய்வு தவிர, அந்தப் போர் நின்றபாடில்லை.

அதே போர்ச்சுகீசியக் குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட மொசாம்பிக், அங்கோலாவின் சாம்பலைப் பார்த்துக்கொண்டே தன் முடிவை எடுத்தது. 1992 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஓராண்டுக்குள் தேர்தல் என்றுதான் எழுதியிருந்தார்கள். படைக் கலைப்பு முடியாமல் தேர்தல் இல்லை என்று ஐக்கிய நாடுகள் சபை உறுதியாக நின்றதால் அது 1994 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் போராளிகள் முகாம்களுக்கு வந்து ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். ரெனாமோ என்ற ஆயுத அமைப்பு அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே வெளிநாட்டுக் கொடையாளர்கள் ஒரு நிதி திரட்டிக் கொடுத்தார்கள். ஆயுதம் ஏந்தியவர்களுக்கு அலுவலகமும் வாகனமும் கொடுப்பதா என்று முகம் சுளித்தவர்கள் அன்று இருந்திருப்பார்கள். ஆனால் வாக்குப்பதிவு தொடங்கும் தறுவாயில் புறக்கணிப்பு என்று அறிவித்த ரெனாமோ தலைவர் ட்லாகாமா அது முடிவதற்குள் திரும்பி வந்ததற்கும், 33.7 விழுக்காட்டோடு தோற்றபின் நாடாளுமன்றத்தின் 250 இடங்களில் 112 இடங்களைக் கொண்ட எதிர்க்கட்சியாக உட்கார்ந்ததற்கும் அந்த ஓராண்டுத் தள்ளிவைப்பு ஒரு பெரிய காரணம்.

ஆகவே தாமதமே நல்லது என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். சூடானில் 2019 ஆகஸ்டில் ராணுவமும் குடிமக்கள் கூட்டணியும் 39 மாத இடைக்கால ஆட்சிக்கு உடன்பட்டார்கள். அந்தக் காலம் முடியும் முன்பே, 2021 அக்டோபரில், ராணுவம் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023இல் ராணுவத் தளபதியும் துணைப்படைத் தளபதியும் ஒருவரோடொருவர் போரில் இறங்கினார்கள். லிபியாவில் 2021 டிசம்பர் 24 என்று நாள் குறித்த தேர்தல், யார் அதிபர் வேட்பாளராக நிற்கலாம் என்ற தகராறிலேயே நின்றுபோனது.

ஒத்திவைப்பு எப்படி நீளும் என்பதற்கு நாம் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. மதுரை மாநகராட்சி உள்ளிட்ட நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். வழக்கு, வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள் என்று ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் ஏட்டில் எழுதத்தக்க ஒரு காரணம் இருந்தது. ஐந்தாண்டுக்கு மேல் இந்த மாநகரத்தில் குப்பைக்கும் குடிநீருக்கும் மக்கள் போய்க் கேட்கக்கூடிய ஒரு கவுன்சிலர் இல்லாமல், தனி அலுவலரின் கையெழுத்தில் எல்லாம் நடந்தது. நிலைபெற்ற ஜனநாயகத்திலேயே இது நடந்தது என்றால், இடைக்கால நாற்காலியில் உட்கார்ந்தவர்களை எழுப்ப எந்த நீதிமன்றமும் இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

என் தீர்ப்பு இது. தேர்தல் நாளைத் தீர்மானிக்க வேண்டியது ஆயுதம் தொடர்பான ஒரே நிபந்தனைதான்; மற்றச் சீர்திருத்தங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. தேர்தலைத் தோற்கடிக்கும் வலிமையுள்ள தனிப்படைகள் கலைக்கப்படும்வரை பொறுக்கலாம்; ஆனால் அந்தப் பொறுமைக்கும் சட்டத்தில் எழுதிய வெளி எல்லை வேண்டும், என் கணக்கில் இரண்டாண்டு. நீதித்துறைச் சீர்திருத்தம், நிலச் சீர்திருத்தம், புதிய கல்விக் கொள்கை எல்லாம் மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குரிய வேலைகள். அவற்றைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளினால், யாரும் தேர்ந்தெடுக்காதவர்கள் நாட்டின் உருவத்தை வரைந்துவிடுவார்கள். துனீசியா இந்த அளவுகோலுக்கு நெருக்கமாக வந்தது. 2011 ஜூலைக்குக் குறித்த தேர்தலை வாக்காளர் பதிவு முடியாததால் தேர்தல் ஆணையம் அக்டோபர் 23க்கு மாற்றியது. மூன்றே மாதத் தள்ளிவைப்பு, புதிய நாளோடு சேர்த்தே அறிவிக்கப்பட்டது, அந்த நாளிலேயே நடந்தது. பத்தாண்டு கழித்து 2021இல் அந்நாட்டு அதிபர் நாடாளுமன்றத்தை முடக்கியது வேறு நோயால் வந்த கேடு; 2011இன் வாக்குப்பெட்டியை அதற்குக் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாம் தேர்வு, எந்த மட்டத்தில் தொடங்குவது என்பது. கீழிருந்து தொடங்கலாம், ஊராட்சியிலும் நகராட்சியிலும் மக்கள் பழகிக்கொண்ட பிறகு தேசியத் தேர்தலுக்குப் போகலாம் என்ற யோசனை காதுக்கு இனிமையானது. கொசோவோவில் ஐக்கிய நாடுகள் நிர்வாகம் 2000 அக்டோபரில் நகராட்சித் தேர்தலையும் 2001 நவம்பரில் சட்டமன்றத் தேர்தலையும் நடத்தியது. போர்க்காலத் தளபதிகளின் கை ஓங்கும் என்று அஞ்சிய இடத்தில் மிதவாதக் கட்சி முன்னே வந்தது. அது ஒரு நற்பயன் என்றாலும், அங்கிருந்த செர்பியர்கள் அந்த நகராட்சித் தேர்தலில் ஏறக்குறைய முழுவதுமாக ஒதுங்கியே நின்றார்கள்.

உள்ளாட்சி முதல் என்ற கொள்கையை ராணுவத் தலைவர்களும் விரும்புவார்கள் என்பதைப் பாகிஸ்தான் காட்டியது. அயூப் கான் 1959இல் 'அடிப்படை ஜனநாயகம்' என்ற பெயரில் 80,000 உள்ளாட்சி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அந்த உறுப்பினர்களின் வாக்கைக் கொண்டே 1960 பிப்ரவரியில் தன்னை அதிபராக உறுதிப்படுத்திக்கொண்டார். கட்சியற்ற, ஊர் மட்டத்து மனிதர்களை அரசாங்கப் பணத்தால் கட்டிவைப்பது எளிது.

ஆனால் எனக்கு இந்த யோசனையில் உள்ள பெரிய தயக்கம் உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து வருகிறது. ஊராட்சித் தலைவர் தேர்தல் நடக்காத அதே பத்தாண்டுகளில் அதே ஊர்களில் சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் எல்லா இடத்தையும் போல நடந்தன. அதே மக்கள், அதே பள்ளிக்கூடம், விரலில் அதே மை. வேறுபாடு ஒன்றே. சட்டமன்றத் தேர்தலில் ஊரின் வாக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு கலந்துவிடுகிறது, வெல்பவர் உசிலம்பட்டியிலோ சென்னையிலோ இருப்பார். ஊராட்சித் தேர்தலில் வெல்பவர் அடுத்த தெருவில் இருப்பார். அவர் முன் கைகட்டி நிற்க வேண்டுமா, கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட வேண்டுமா என்ற கேள்வி வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும். அச்சமும் ஆதிக்கமும் முகத்துக்கு முகம் இயங்கும் சமூகத்தில் மிகச் சிறிய தேர்தலே மிகக் கடினமான தேர்தல். எனவே தேசிய அளவிலான அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் முதலில் வரட்டும். உள்ளாட்சி, ஓரிரு ஆண்டு கழித்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்த பிறகு வரட்டும். 2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து வென்றவர்கள் பதவியில் நிலைத்ததற்கு முன், மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரனும் இரு மாவட்ட அலுவலர்களும் ஊருக்கு உள்ளேயே உட்கார்ந்து பல சுற்றுப் பேச்சு நடத்தினார்கள். அந்த உழைப்பை ஒரு முழு நாட்டின் எல்லா ஊர்களிலும் முதல் ஆண்டிலேயே செய்ய எந்த இடைக்கால அரசாலும் ஆகாது.

மூன்றாவது, தேர்தலை யார் நடத்துவது. பழைய ஆட்சியே நடத்துவது, நடுநிலையான இடைக்கால அரசு நடத்துவது, வெளிநாட்டார் நடத்துவது, தன்னாட்சி ஆணையம் நடத்துவது என்று நான்கு வழிகள் உண்டு. பழைய ஆட்சியின் உள்துறை அமைச்சகம் நடத்துவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தோற்றவர் அதை நம்பக் காரணமே இருக்காது.

வெளிநாட்டார் நடத்தியதற்குக் கம்போடியா பெரிய எடுத்துக்காட்டு. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரை அனுப்பி, நூற்றைம்பது கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 1993 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை அங்கே நடத்திய தேர்தலில் பத்தில் ஒன்பது வாக்காளர்கள், கெமர் ரூஜ் படையினரின் மிரட்டலைப் பொருட்படுத்தாமல், வந்து வாக்களித்தார்கள். மன்னர் குடும்பத்துக் கட்சி 58 இடங்களும் ஹுன் சென்னின் கட்சி 51 இடங்களும் பெற்றன. தோற்றவரின் கையில் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் இருந்ததால், வென்றவர் முதல் பிரதமராகவும் ஹுன் சென் இரண்டாம் பிரதமராகவும் அமர்ந்த ஒரு விந்தையான ஏற்பாடு வந்தது. 1997 ஜூலையில் இரண்டாம் பிரதமர் முதல் பிரதமரைப் படைபலத்தால் அகற்றினார். பாப்பாபட்டியில் வென்றவர் கடிதம் எழுதிக்கொடுத்து வீட்டுக்குப் போனதும் இதுவும் அளவில்தான் வேறு. வெளியார் வாக்குப்பெட்டியைக் காக்கலாம். அவர்கள் விமானம் ஏறிய பிறகு நாற்காலியைக் காக்க உள்ளூரில் யாராவது இருக்க வேண்டும்.

நடுநிலை இடைக்கால அரசு என்ற வழியை வங்கதேசத்தைப் போல ஆழமாகச் சோதித்த நாடு வேறில்லை. 1990 டிசம்பரில் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் பதவி விலகியதும், எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்ட தலைமை நீதிபதி ஷஹாபுதீன் அகமது பொறுப்பேற்று 1991 பிப்ரவரி 27 அன்று தேர்தலை நடத்தினார். அந்த அனுபவம் நன்றாக அமைந்ததால் 1996இல் அதையே அரசியல் சட்டத்தில் எழுதினார்கள்: ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கு முன்பும் கடைசியாக ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி தலைமை ஆலோசகராவார். 1996 ஜூனிலும் 2001இலும் ஆட்சியில் இருந்த கட்சி தோற்றுக் கீழே இறங்கியது. தெற்காசியாவில் இது எளிய சாதனையா? ஆனால் விதையிலேயே ஒரு புழு இருந்தது. கடைசியாக ஓய்வு பெற்ற நீதிபதி யார் என்பதைப் பொறுத்துத் தேர்தலின் நடுவர் அமைவதால், யாரை எப்போது தலைமை நீதிபதியாக்குவது, எப்போது ஓய்வு கொடுப்பது என்பதே கட்சிக் கணக்கானது. 2004இல் நீதிபதிகளின் ஓய்வு வயது உயர்த்தப்பட்டபோது, இன்னாரை நடுவராக்கத்தான் இது என்று எதிர்க்கட்சி கொதித்தது. தெருச் சண்டை மூண்டு, 2007 ஜனவரியில் நெருக்கடி நிலை வந்தது. 2011இல் அந்த ஏற்பாட்டையே நீக்கினார்கள். அடுத்த 2014 தேர்தலை எதிர்க்கட்சி புறக்கணிக்க, 300 தொகுதிகளில் 153இல் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் தேர்வானார்கள். 2024 ஆகஸ்டில் மாணவர் எழுச்சியால் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியபோது, நாடு மறுபடியும் ஓர் இடைக்கால அரசின் கீழ், தேர்தல் முதலா சீர்திருத்தம் முதலா என்ற பழைய கேள்வியோடு நின்றது. நடுவர் பதவியை ஒரு முறைக்கு ஒரு நல்ல மனிதரிடம் ஒப்படைப்பது வேறு. அதை நிரந்தர விதியாக்கி நீதித்துறையின் தலையில் கட்டுவது வேறு. முதலாவதை நான் ஆதரிப்பேன், இரண்டாவதை எதிர்ப்பேன்.

எனக்கு நம்பிக்கையுள்ள வழி தன்னாட்சி ஆணையம். ஆனால் அதற்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது: கட்சிகளின் ஆட்களைக் கொண்டு அமைப்பதா, கட்சி சாராதவர்களைக் கொண்டு அமைப்பதா? இந்தோனேசியா 1999 ஜூன் 7 தேர்தலுக்குப் போட்டியிட்ட 48 கட்சிகளுக்கும் ஆளுக்கொரு இடமும் அரசுத் தரப்புக்கு ஐந்தும் கொடுத்து 53 பேர் ஆணையம் அமைத்தது. எல்லோரும் உள்ளே இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்ற எண்ணம். வாக்குப்பதிவு அமைதியாக முடிந்த பிறகு, இடம் கிடைக்காத சிறு கட்சிகளின் உறுப்பினர்கள் பலர் முடிவில் கையெழுத்திட மறுத்தார்கள். கடைசியில் அதிபர் ஹபிபிதான் முடிவை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அடுத்த தேர்தலுக்கு அந்த நாடே கட்சி சாராத ஆணையத்துக்கு மாறியது. கட்சிக்காரர்களுக்குரிய இடம் சாவடிக்குள் இருக்கும் முகவர் பெஞ்சு. அங்கே அவர்கள் இருந்தே ஆக வேண்டும், ஆணையத்தின் மேசையில் தேவையில்லை.

நம் நாட்டு முன்மாதிரியை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1950 ஜனவரி 25 அன்று ஆணையம் பிறந்தது. சுகுமார் சென் பொறுப்பேற்று, 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை, பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்குத் தேர்தல் நடத்தினார். பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள் என்பதால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. வடமாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்திருந்தார்கள். அப்படிப் பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்கள் தம் பெயரிலேயே பதிய வேண்டும் என்ற நோக்கம் சரிதான் என்றாலும், 28 லட்சம் பேரின் முதல் வாக்கு அதில் போயிற்று என்பது எனக்கு இன்றும் உறுத்தல். பட்டியல் விஷயத்தில் தென்னாப்பிரிக்கா 1994இல் வேறு துணிவைக் காட்டியது. நீதிபதி கிரீக்லர் தலைமையிலான ஆணையத்துக்குக் கிடைத்தது நான்கு மாதமே. அதனால் பட்டியலே இல்லாமல், அடையாள ஆவணத்தைக் காட்டி விரலில் மை வைத்துக்கொண்டு எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம் என்றார்கள். குழப்பம் மிகுந்திருந்தது, பல இடங்களில் சீட்டு தீர்ந்துபோனது, ஆனால் ஒதுக்கிவைக்கப்பட்ட பெரும்பான்மையினரில் பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருவரும் இல்லை. முதல் தேர்தலில் மட்டும், தவறாகச் சேர்ப்பதைவிடத் தவறாக நீக்குவதே பெரிய குற்றம் என்று கருதுபவன் நான்.

வாக்கை இடமாக மாற்றும் முறையில் எனக்குத் தயக்கமே இல்லை. நம் முறையில் தொகுதிக்கு ஒருவர், முந்தியவர் எடுத்துக்கொள்வார். 1991இல் தி.மு.க.வுக்கு இரண்டு இடம், 1996இல் அ.தி.மு.க.வுக்கு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்கிருந்தும், நான்கு இடம். இரண்டு கட்சிகளும் அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த தேர்தலிலேயே கோட்டைக்குத் திரும்பின. ஐந்தாண்டில் மறுபடி தேர்தல் வரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை என்பதால் தாங்க முடிந்தது. முதல் தேர்தலில் நிற்பவருக்கு அந்த உறுதி ஏது? லெசோத்தோவில் 1998 மே மாதம் ஒரு கட்சி 60 விழுக்காடு வாக்கில் 80 இடங்களில் 79ஐ அள்ளியது. ஓரிடத்தோடு நின்ற எதிர்க்கட்சியினர் தெருவுக்கு வந்தார்கள், தலைநகர் மசேரு எரிந்தது, அண்டை நாட்டுப் படைகள் நுழைந்தன. 2002இல், வாக்கின் பங்குக்கேற்ப இடம் கொடுக்கும் விகிதாசார முறையில் 40 இடங்களைச் சேர்த்த பிறகே அங்கே எதிர்க்கட்சிகள் மன்றத்துக்குள் உட்கார்ந்தன. தென்னாப்பிரிக்கா இதை முன்கூட்டியே கண்டுகொண்டது. முன்னாள் படைத் தளபதி வில்யூன் தலைமையில் ஆயுதப் போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வெள்ளைத் தீவிரவாதத் தரப்பில் ஒரு பகுதி, விகிதாசார முறை இருந்ததால் தேர்தலில் இறங்கி, 2 விழுக்காடு சொச்ச வாக்கில் 9 இடங்கள் பெற்றது. தொகுதி முறையாக இருந்திருந்தால் அவர்களுக்கு ஓரிடம்கூடக் கிடைத்திருப்பது அரிது.

விகிதாசாரத்திலும் பள்ளம் உண்டு. 2005 ஜனவரியில் ஈராக் முழுவதையும் ஒரே தொகுதியாக்கினார்கள். சுன்னி மக்கள் புறக்கணித்த அன்பார் மாகாணத்தில் இரண்டு விழுக்காட்டினரே வாக்களிக்க, அந்த மாகாணத்தின் இடங்கள் வாக்களித்த பிற பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அரசியல் சட்டம் எழுதும் சபையில் அவர்களின் குரல் காணாமற்போனது. அந்த ஆண்டு டிசம்பரில் மாகாணத்துக்கு இத்தனை இடம் என்று திருத்திக்கொண்டார்கள், ஆனால் பகை அதற்குள் முற்றிவிட்டது. மாகாண அளவிலான விகிதாசாரம் என்பதே என் தேர்வு.

கடைசியாக, எண்ணும் இடம். இதைத் தேர்தல் பணிக்குப் போகாதவர்கள் சிறிய விஷயமாக நினைப்பார்கள். ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது, சாவடி மூடி, இயந்திரத்துக்கு அரக்கு வைத்து, நான் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மின்சாரம் போயிருந்தது. முகவராக இருந்த ஓர் இளைஞர், ஊரின் கிழக்குத் தெருக்காரர், மற்ற முகவர்கள் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். "சார், மொத்த ஓட்டு எம்புட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நாளைக்கு யாரும் மாத்திச் சொன்னா நாங்க காட்டணும்ல" என்றார். நகலை வாங்கி நான்காக மடித்து, சட்டைப் பையில் வைக்காமல், வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார்.

சாவடியிலேயே எண்ணி, முடிவைக் கதவில் ஒட்டும் முறைக்கு அந்த மடித்த தாளின் வலிமை உண்டு. காம்பியாவில் வாக்காளர்கள் வேட்பாளரின் நிறமுள்ள தகர உருளைக்குள் ஒரு கோலிக்குண்டைப் போடுவார்கள். உள்ளே மணி ஒலிக்கும். மாலையில் அங்கேயே குண்டுகளைப் பலகைக் குழிகளில் பரப்பி எண்ணுவார்கள். 2016 டிசம்பரில் 22 ஆண்டு ஆண்ட ஜாமே அந்தக் குண்டுகளிடம் தோற்றார். பிறகு மனம் மாறி முடிவை மறுத்தபோதும், அண்டை நாடுகள் படையோடு வந்து, 2017 ஜனவரியில் அவர் வெளியேறினார். ஜிம்பாப்வேயில் 2008 மார்ச்சில் சாவடி வாசலில் ஒட்டிய தாள்களைக் கூட்டித்தான் அதிபர் முகாபே பின்தங்கியதை எதிர்க்கட்சி அறிந்துகொண்டது. அதிபர் தேர்தல் முடிவை ஆணையம் ஐந்து வாரம் கழித்தே வெளியிட்டது.

ஆனால் அதே தாள் எந்த ஊர் எதிர்த்து வாக்களித்தது என்பதையும் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் சுற்றுக்கு முன் ஆளுங்கட்சியின் ஆட்கள் எதிர்க்கட்சிக்கு வாக்களித்த ஊர்களுக்குள் புகுந்து அடித்தார்கள். 'நீ யாருக்குப் போட்டாய்' என்பதே அந்த வன்முறையின் பெயராக அங்கே வழங்கியது. எதிர்க்கட்சித் தலைவர் சுவாங்கிராய் போட்டியிலிருந்தே விலகினார். நம் நாட்டில் வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இந்த அச்சத்துக்காகவே வந்தது. தெருவுக்கொரு சாதியாக வாழும் ஊரில் சாவடி முடிவு என்பது தெருவின் முடிவு.

இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் ஒன்று திருட்டுக்கு வழி, இல்லையேல் பழிவாங்கலுக்கு வழி. நடுவே ஒரு வழியை நம் ஊராட்சித் தேர்தலில் கண்டிருக்கிறேன். வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு பதவிக்கும் நான்கு நிறச் சீட்டுகள். பெட்டிகள் ஒன்றிய அளவிலான எண்ணும் மையத்துக்கு வருகின்றன. முகவர்கள் கம்பித் தடுப்புக்கு அப்பால் நிற்க, முதலில் நிறம் பிரித்து, கட்டுக் கட்டாகக் கட்டி, பிறகு எண்ணுகிறார்கள். மாறிவரும் நாட்டுக்கு என் பரிந்துரை இதன் ஒரு மாற்று வடிவம். சாவடியில் மொத்தச் சீட்டு எண்ணிக்கையை மட்டும் எண்ணி, கையெழுத்திட்ட நகலை ஒவ்வொரு முகவரிடமும் கொடுத்துவிட வேண்டும். அன்றிரவே, நடந்து போகும் தொலைவிலுள்ள ஒரு பள்ளியில், பத்துப் பன்னிரண்டு சாவடிகளின் சீட்டுகளை எல்லா முகவர்களின் முன்னும் கலந்து எண்ண வேண்டும். நகல்களின் கூட்டுத்தொகையும் கலந்த சீட்டுகளின் தொகையும் ஒத்துவந்தால் முடிவை அந்தப் பள்ளிக் கதவில் ஒட்டலாம். ஒவ்வாவிட்டால், எந்தச் சாவடிப் பெட்டி வழியில் மாறியது என்பதை முகவரின் வேட்டி மடிப்பிலிருந்து வெளிவரும் தாள் காட்டிவிடும்.